மூன்று லீக், ஒரு சின்ன ஐஸ் பெட்டி

லீக் என்பது வெங்காயக் குடும்பத்தில் தடித்த வெள்ளைத் தண்டும் நீளப் பச்சை இலையும் உள்ள காய்கறி. முழு லீக் எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் நுழையாது. குறுக்கே வைத்தால் கதவு சாத்தாது, நிறுத்தி வைத்தால் மேல்தட்டு இடிக்கும். காய்கறி இழுப்பறைக்குள் மடக்கித் திணித்தால் இலை ஒடியும், ஒடிந்த இடம் இரண்டே நாளில் வழவழத்துப் போகும். லீக்கைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதே இந்த இடநெருக்கடியால்தான். ருசியெல்லாம் அப்புறம் வந்த விஷயம்.

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. மனைவிக்கு ஷிப்ட் வேலை என்பதால் சமையல் பெரும்பாலும் என் கையில். சனிக்கிழமை காலையில் சௌகிட் மார்க்கெட்டுக்கு ஒரு நடை, வாரத்துக்கு அதோடு சரி. நான் வழக்கமாக வாங்கும் கடையில் லீக்கை மூன்று மூன்றாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒன்று அன்றைக்கே சட்டிக்குப் போய்விடும். மீதி இரண்டை என்ன செய்வது? கிலோக் கணக்கில் பார்த்தால் பெரிய வெங்காயத்தைவிடப் பல மடங்கு விலை. அதில் பாதியைக் குப்பைக்கு அனுப்பினால் வயிறு எரியத்தான் செய்யும். நிறைய அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வழியாக வைத்துப் பார்த்து, சமைத்துப் பார்த்து, எது யாருக்குச் சரிவரும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன்.

லீக்கை வெங்காயத்தின் அண்ணனாக நினைத்து நடத்தியதுதான் என் தவறு. கீரைக்கட்டுப் பக்கத்தில் அதை உட்கார வைத்த பிறகு வீணாவது குறைந்தது, ருசியும் கூடியது.

வாங்கியது லீக்தானா?

மார்க்கெட்டில் மலாயில் 'டவுன் பாவாங்' என்று கேட்டால் வெங்காயத்தாள்தான் கைக்கு வரும். 'லீக்' என்றே கேளுங்கள், கேட்டுவிட்டு இலையையும் பாருங்கள். லீக்கின் இலை தட்டை. நடுவில் மடிந்து படகு மாதிரி இருக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக விசிறிபோல் இரண்டு பக்கமும் விரியும். வெங்காயத்தாள் குழாய், உள்ளே ஒன்றும் இருக்காது. சந்தேகமிருந்தால் இலையின் நுனியைக் கிள்ளிவிட்டு வாயில் வைத்து ஊதிப் பார்க்கலாம். காற்று மறுபக்கம் போனால் அது வெங்காயத்தாள் வகை. கடைக்கார ஆன்ட்டி முறைப்பார், அது வேறு கதை.

ஏமாற்றுவது இன்னொன்று. வடசீனச் சமையலில் போடுகிற பெரிய வெங்காயத்தாள், கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைத் தண்டோடு சூப்பர் மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் உறையில் வரும். தலையை வெட்டிவிட்டிருப்பதால் லீக் என்றே தோன்றும். வெட்டிய முனையைப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருந்தால் லீக், வட்ட வட்டமாக ஓட்டை தெரிந்தால் மற்றது. அதன் பச்சைக் குழாய்க்குள் கோந்து மாதிரி ஒரு பசை இருக்கும். வறுவலுக்கு நன்றாகத்தான் இருக்கும். சூப்பில் போட்டால் எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது கரண்டி கேட்பதில்லை.

சீனப் புத்தாண்டு நேரத்தில் மார்க்கெட் முழுக்க 'சுவான்' கிடைக்கும். லீக்கும் பூண்டுத்தாளும் அந்தப் பெயருக்குள் கலந்தே புழங்கும். எண்ணுவது என்ற பொருளுள்ள சொல்லும் அதே ஓசையில் வருவதால், பணத்தை எண்ணும் யோகம் வரட்டும் என்று ஹொக்கியன், தியோச்சூ சீனர் வீடுகளில் அதைச் சமைப்பார்கள். பினாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அந்தச் சமயத்தில் போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்துவிடும். பூண்டுத்தாளுக்கும் இலை தட்டைதான். ஆனால் தண்டு ஒல்லி, கசக்கினால் பூண்டு வாசம்.

பொறுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தடித்தது நல்லது என்று எடுக்காதீர்கள். இரண்டு விரல் தடிமனுக்கு, வெள்ளை நீளமாக, வேரோடு, அழுத்தினால் விறைப்பாக இருப்பதே இளசு. அடிப்பக்கம் உருண்டு புடைத்திருந்தால் முற்றியது. பூக்கத் தயாராகிவிட்ட லீக்கின் நடுவில் குச்சி மாதிரி ஒரு தண்டு ஓடும், எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாது.

எங்கே வைப்பது

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடக்கும் கூடையில் லீக்கையும் போடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. வெங்காயம் காய்ந்த தோலைப் போர்த்திக்கொண்டு தூங்குகிற பொருள். லீக் தூங்குவதில்லை. பிடுங்கிய பிறகும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற இலைக்கட்டு அது. குளிரில் வளர்ந்து பழகியது. கோலாலம்பூரின் 32, 33 டிகிரியில் மேசைமேல் வைத்தால் மறுநாளே துவளும், அதற்கு அடுத்த நாள் மேல் இலை மஞ்சளாகும். தண்ணீர் ஊற்றிய தம்ளரில் வேரை நிறுத்தி, தினமும் தண்ணீர் மாற்றினால் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் தம்ளரே நாறும். சமைத்த பிறகு மிச்சமாகும் வேர்க்கட்டையை மூன்று விரல் உயரம் விட்டு இப்படி வைத்தால் நடுவிலிருந்து பச்சை முளைக்கும். முட்டையில் தூவப் பிள்ளைகளை விட்டுக் கத்தரிக்கச் சொல்லலாம். மற்றபடி விளையாட்டு.

ஐஸ் பெட்டிக்கு வருவோம். கிடங்குகளில் 0 டிகிரியில், 95 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதத்தில் லீக்கை இரண்டு மூன்று மாதம் வைக்கிறார்கள். நம் வீட்டுப் பெட்டி 4 டிகிரி, பிள்ளைகள் நிமிடத்துக்கொரு தரம் கதவைத் திறக்கிறார்கள். ஒரு வாரம் உறுதி, நல்ல லீக்காக இருந்தால் இரண்டு வாரம். நான் செய்வது இது. கரும்பச்சை இலையை மட்டும் வெட்டித் தனியே எடுத்துவிடுவேன், அதன் கதை பின்னால் வருகிறது. வெள்ளையும் இளம்பச்சையுமான தண்டை வேரோடு விடுவேன், கழுவ மாட்டேன். இந்த அளவுக்கு வந்துவிட்டால் இழுப்பறையில் தாராளமாகப் படுக்கும். மார்க்கெட் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பை உள்ளே வியர்த்து, அந்த நீரே அழுகலுக்கு வழி செய்யும். அதனால் முதலில் ஒரு மணி நேரம் திறந்தபடி குளிரவிட்டு, பிறகு சமையல் தாளில் சுற்றி, பையில் போட்டு வாயை இறுக்காமல் மடித்துவிடுவேன். பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் தளரச் செய்யும், பதிலுக்கு லீக்கின் வாசம் பழத்தில் ஏறும்.

நறுக்கி டப்பாவில் போட்டு வைப்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிடித்த வழி. எனக்கும் பிடித்திருந்தது, தோசை மாவு கெடும் வரைக்கும். மாவு புளித்ததால் கெடவில்லை. மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவிலிருந்து வெளியேறிய கந்தக வாசம் அதில் ஏறிவிட்டது. ஒரு வாரத் தோசையும் வெங்காய ஊத்தப்பமாகவே தின்று தீர்த்தோம். நறுக்கிய லீக் மூன்று நாலு நாள் தாங்கும், காற்றுப் புகாத டப்பாதான் ஒரே நிபந்தனை. வெண்ணெயையும் பாலையும் வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி உறைவிப்பான். பச்சையாக நறுக்கி அப்படியே உறையவைப்பது, கொதிநீரில் முக்கி எடுத்து உறையவைப்பது, வதக்கிக் கட்டி கட்டியாக உறையவைப்பது என்று மூன்று வழி.

பச்சையாக உறையவைப்பது சுலபம். நறுக்கி, தட்டில் பரப்பி, கெட்டியானதும் பையில் கொட்டினால் முடிந்தது. முதல் இரண்டு வாரம் குறையே தெரியாது. அதன்பிறகு மெல்லிய கசப்பும் பழைய வாசமும் தலைகாட்டும். லீக்கை வெட்டும்போது செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலக்கின்றன. அந்தக் கலப்பினால்தான் வாசமே வருகிறது. உறையும்போது உருவாகும் பனித்துகள்கள் இன்னும் பல செல்களை உடைக்கும். குளிர் அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. கொதிநீர் நிறுத்திவிடும். அதனால்தான் வளையங்களாக நறுக்கியதை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, வடித்து, துணியில் ஒற்றி எடுத்து உறையவைக்கச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் நிறமும் ருசியும் நிற்கும். ஆனால் இளகிய பிறகு அது வறுவலுக்கு ஆகாது, சூப்புக்கும் குழம்புக்கும்தான். இரண்டு பாத்திரம், ஒரு தட்டு ஐஸ், நனைந்த துணி என்று சமையலறை போர்க்களமாகும். மாதத்துக்கொரு முறை பெரிய அளவில் வாங்குகிறவர்களுக்குத் தகும், மூன்று லீக்குக்கு நான் அவ்வளவு மெனக்கெட மாட்டேன்.

வதக்கி உறையவைப்பதுதான் என் கட்சி. இரண்டு லீக்கை மெல்லிய வளையமாக நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில், ஒரு சிட்டிகை உப்போடு, சிறு தீயில் மூடிபோட்டு பன்னிரண்டு நிமிடம். குவியலாக இருந்தது கைப்பிடி அளவுக்குச் சுருங்கும். ஆறியதும் ஐஸ் கட்டித் தட்டின் குழிகளில் அழுத்தி உறையவைத்து, பிறகு பையில் போட்டுவிடுவேன். இடத்தை அடைக்காது, நொதியும் சட்டியிலேயே அடங்கிவிட்டது. இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, பருப்பு கொதிக்கும்போது இரண்டு கட்டியைத் தூக்கிப் போட்டால் சமையல் பாதி முடிந்த மாதிரி.

வதக்கிய லீக்கை எண்ணெயில் மூழ்கவைத்து ஜாடியில் அடைத்து, ஊறுகாய் போல் மேசைமேல் வைக்கலாமா என்று பினாங்குத் தங்கை கேட்டாள். கூடவே கூடாது. மண்ணில் வளர்ந்த, புளிப்பில்லாத காய், அதன்மேல் காற்றை அடைக்கும் எண்ணெய், கூடவே நம் ஊர்ச் சூடு. போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. வாசத்திலோ நிறத்திலோ அது தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்பதும் இல்லை. எண்ணெயில் போட்டது ஐஸ் பெட்டிக்குள் நாலு நாள், அதற்குமேல் என்றால் உறைவிப்பான். நம் ஊறுகாயைக் காப்பது எண்ணெய் மட்டுமில்லை, உப்பும் புளிப்பும்தான்.

மண்

தண்டு வெள்ளையாக நீள வேண்டும் என்பதற்காக, வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே போவார்கள். அந்த மண் இலை மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். குழாயடியில் வெளியே தேய்த்துக் கழுவுவது ஒப்புக்கு. நீளவாக்கில் பிளந்து, வேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, மடிப்புகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மண் இலைநுனி வழியாக இறங்கிவிடும். வளையம் வேண்டுமென்றால் முதலில் நறுக்கிவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டு லீக்கை மேலாகக் கையால் அள்ளி எடுங்கள். அப்படியே வடிகட்டியில் சாய்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் லீக்கின் தலையிலேயே கொட்டும். சமைக்கிற அன்றைக்குத்தான் கழுவல். கழுவி வைத்த லீக் சீக்கிரம் அழுகும்.

எப்படிச் சமைப்பது

எதிர்வீட்டு ஆன்ட்டியின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு இங்கே வந்தவர். இலங்கையில் நுவரெலியா பக்கம் விளையும் லீக்ஸ் அன்றாடக் கறிகாய். எனக்கு அது ஐரோப்பிய சூப்புச் சாமான், ஆன்ட்டிக்கோ முருங்கைக்காய் மாதிரி வீட்டுப் பொருள். நான் ஒரு விரல் நீளத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, உப்பிடிப் பெரிசா வெட்டினா ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக் கழண்டு வாயிலை தோல் மாதிரி நிக்கும். நூல் மாதிரி வெட்டோணும்" என்றார். கத்தியை வாங்கி அவரே வெட்டியும் காட்டினார். பச்சையையும் விடவில்லை.

அவர் செய்யும் வறை இப்படி. கடுகு, செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), கறிவேப்பிலை தாளித்து, நூலாக நறுக்கிய லீக்கைப் போட்டு உப்பும் நகக்கண் அளவு மஞ்சளும் சேர்ப்பார். மூடி, ஐந்தாறு நிமிடம். திறந்து, தேங்காய்ப்பூவை, அதாவது துருவலை, தூவி ஈரம் வற்றும்வரை ஒரு பிரட்டு. சோற்றோடு பருப்பும் இந்த வறையும் இருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். நறுக்கத்தான் நேரம், சமையல் பத்தே நிமிடம். மூன்று லீக் நாலு பேருக்குப் போதும்.

சொதி இதற்கு நேர் எதிர். அவசரமில்லாதது, தண்ணீரானது. வெள்ளைத் தண்டை அரை விரல் வளையங்களாக்கி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கொஞ்சம் வெந்தயத்தோடு தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவைத்து, லீக் கரண்டியில் நசுங்கும் பதத்தில் முதல் பாலை ஊற்றி, கொதி வரும் முன் இறக்கி எலுமிச்சை பிழிய வேண்டும். இடியப்பத்துக்கு இதைவிட நல்ல துணை நான் தின்றதில்லை. உடம்பு சரியில்லாதவர்களுக்கும் இறங்கும்.

பக்கத்துச் சீனக் கடையில் செய்வது போலக் கொதிக்கும் குவாலிச் சட்டியில் சாய்வாகச் சீவிய லீக்கைப் போட்டு, பொரித்த தோஃபுவோ தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டியோ சேர்த்து, சோயாவும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் விட்டு இரண்டு நிமிடத்தில் இறக்குவது மூன்றாவது. கடையின் தீ நம் வீட்டு அடுப்பில் வராது. ஒரு தடவைக்கு ஒரு லீக்குக்கு மேல் போட்டால் வறுபடாமல் வேகத் தொடங்கும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதுதான் வேகமான வழி. நாலு பேருக்கென்றால் மூன்று தடவை நின்று கிளற வேண்டும்.

உருளைக்கிழங்கு சூப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, லீக் என்றதும் இணையத்தில் முதலில் வருவது அதுதான். மூன்று லீக், இரண்டு பெரிய உருளைக்கிழங்கு, ஒரு லிட்டர் தண்ணீர், இருபது நிமிடம், பிறகு அரைப்பு. இந்தச் சூட்டில் யார் சூப்புக் குடிப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் இருந்த லூயி தியா என்ற பிரெஞ்சுச் சமையல்காரர், தன் அம்மா செய்த இதே சூப்பைச் சின்ன வயதில் குளிர்ந்த பால் ஊற்றி ஆற்றிக் குடித்த ஞாபகத்தில், அதைக் குளிரவைத்தே பரிமாறினார். விஷிசுவாஸ் என்று பெயரும் வைத்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குடித்தால் மோர் குடித்த மாதிரிதான் இருக்கிறது. நான் அதில் மிளகும் சீரகமும் இடித்துப் போடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் மன்னிக்கட்டும்.

ஓவனில் முழுசாகச் சுடுவது அழகு. ஆனால் அரை மணி நேரம் ஓவன் எரிந்தால் எங்கள் சமையலறையில் நிற்க முடியாது. ஏர் ஃபிரையரில் மேல் மடிப்பு கருகிவிட்டது, உள்ளே பச்சை. இரண்டையும் விட்டுவிட்டேன்.

இவற்றில் ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் வறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டியாக உறைந்த லீக்தான் கையில் இருக்கிறது என்றால் சூப்பு அல்லது பருப்பு, வறைக்கு அது உதவாது.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

முதல் தடவை நான் செய்தது லீக் குருமா. இஞ்சி பூண்டு விழுது, பட்டை, கிராம்பு, மல்லித்தூள், மிளகாய்த்தூள், எல்லாம் போட்டேன். நன்றாகவே இருந்தது, ஆனால் உள்ளே லீக் இருந்ததா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. வெங்காயத்துக்கு மசாலாவைத் தாங்கும் முரட்டுத்தனம் உண்டு. லீக்கின் இனிப்பு மெல்லியது, பக்கத்தில் யாராவது உரக்கப் பேசினால் வாயை மூடிக்கொள்ளும்.

பொன்னிறமாக வதக்கும் பழக்கத்தையும் இங்கே கழற்றி வைக்க வேண்டும். வெங்காயத்தில் 89 விழுக்காடு தண்ணீர், லீக்கில் 83தான். மடிப்பும் மெல்லியது. வெங்காயம் தன் நீரிலேயே வெந்து, பிறகு நிதானமாகச் சிவக்கும். லீக்குக்கு அந்த அவகாசம் கிடையாது, ஓரம் கருகிக் கசந்துவிடும். அதனால் ஆரம்பத்திலேயே உப்பு, கையளவு தண்ணீர், மூடி. நிறம் மாறும் முன் அது குழைய வேண்டும்.

கொழுப்பில் எனக்குத் தேங்காய் எண்ணெய் முதல் இடம், வெண்ணெய் இரண்டாம் இடம். வறைக்கும் சொதிக்கும் தேங்காய் எண்ணெய், சூப்புக்கும் முட்டைக்கும் வெண்ணெய். நல்லெண்ணெயின் சொந்த வாசம் லீக்கோடு மல்லுக்கட்டுகிறது. கீழே சொல்லப்போகிற துவையலில் மட்டும் அது பொருந்துகிறது, அங்கே புளியும் உளுந்தும் நடுவில் நின்று சமாதானம் செய்கின்றன. காரத்துக்குத் தூளைவிடச் செத்தல் மிளகாயும் மிளகும் நல்லது. பூண்டு தேவையில்லை, பெருங்காயமும் தேவையில்லை. அந்த வேலையை லீக் தானே செய்கிறது. புளிப்பு வேண்டும், ஆனால் கடைசியில். முதலிலேயே எலுமிச்சை விட்டால் பச்சை நிறம் பழுப்பாக மங்கிப்போகும். பச்சையைக் காப்பாற்றச் சமையல் சோடா போடச் சொல்கிறவர்களும் உண்டு. நிறம் நிற்கும், லீக் கஞ்சியாகும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என் தேர்வு நெத்திலி. மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலியை வறையின்மேல் கடைசியில் தூவினால் உப்பும் மொறுமொறுப்பும் ஒன்றாக வரும். பெலாச்சான் என்ற இறால் விழுது போட்டுப் பார்த்தேன். நல்ல சம்பால் கிடைத்தது, லீக்தான் கிடைக்கவில்லை. ஜாதிக்காயைத் துருவி ஒரு துளி தேங்காய்ப்பாலில் போடுவது பினாங்குத் தங்கையின் யோசனை. அவள் ஊரில் ஜாதிக்காய்க்குப் பஞ்சமில்லை. சந்தேகத்தோடுதான் போட்டேன், இப்போது சொதிக்கு விடாமல் போடுகிறேன். துளிதான், கூடினால் இருமல் மருந்து.

கரும்பச்சை

காசு கொடுத்து வாங்கிய லீக்கில் ஏறக்குறைய பாதி இந்தக் கரும்பச்சைதான். பெரும்பாலான சமையல் குறிப்புகள் அதை எறியச் சொல்கின்றன. முரடு என்பது உண்மை. எறிவது, வேகவைத்துச் சாறெடுப்பது, துவையல், இந்த மூன்றில் எறிவதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

சாறு சோம்பேறிகளுக்கு. இலையைக் கழுவி, ஒரு பையில் உறைவிப்பானில் சேர்த்துக்கொண்டே வந்து, கேரட் தோல், கொத்தமல்லித் தண்டு, மிளகோடு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால் ரசத்துக்கும் சூப்புக்கும் அடிநீர். நீண்ட நேரம் கொதித்தால் கசப்பு இறங்கும், ஒரு மணிக்கு மேல் வேண்டாம்.

துவையல்தான் எனக்கு உயர்வு. இலையின் நடு நரம்பை ஒட்டிய தடித்த பகுதியை நீக்கிவிட்டு, மற்றதைப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் நன்றாகச் சுருங்கும்வரை வதக்குங்கள். இங்கே கொஞ்சம் நிறம் மாறினாலும் பரவாயில்லை. உளுத்தம்பருப்பு, செத்தல் மிளகாய், ஒரு கோலிக்குண்டளவு புளி, தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால், முரட்டு இலை இருந்த இடம் தெரியாது. காற்றுப் புகாத டப்பாவில் ஐஸ் பெட்டிக்குள் மூன்று நாலு நாள் வரும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். மாவில் வாசம் ஏறும் பயம் அப்போது இல்லை, எப்படியும் தட்டில் சேரப்போவதுதானே.

சிலருக்கு மட்டும் சில வார்த்தை. வெங்காயம் தின்றால் வயிறு உப்புகிறவர்களுக்கு லீக்கின் வெள்ளைப் பகுதியும் அதையே செய்யலாம். தொல்லை தரும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து அங்கேதான் அதிகம், பச்சை இலையில் குறைவு. எனவே அவர்கள் துவையல் பக்கம் வரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், பச்சை இலைகளில் வைட்டமின் கே நிறைய என்பதால், திடீரென்று அளவைக் கூட்ட வேண்டாம், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் மிச்சத்தைத் தட்டில் வைக்காதீர்கள், வெங்காயக் குடும்பம் முழுவதும் அவற்றுக்கு விஷம். தைப்பூச விரதத்தில் வெங்காயம் பூண்டை விலக்குகிறவர்கள் லீக்கையும் விலக்கத்தான் வேண்டும். பெயர் ஆங்கிலமாக இருப்பதால் குலம் மாறிவிடாது.

இப்போது என் சனிக்கிழமை இப்படிப் போகிறது. வந்ததும் மூன்றின் தலையையும் வெட்டி, பச்சையைத் துவையலுக்கு ஒதுக்குவேன். ஒன்று மத்தியான வறைக்கு. ஒன்று தாளில் சுற்றி இழுப்பறைக்கு, புதன்கிழமை சொதிக்கு. மூன்றாவது அன்று சாயங்காலமே வதங்கிக் கட்டியாகிவிடும். ஆள் குறைவாக இருக்கும் வீடு என்றால் மூன்றாவதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், அதுவும் ஒரு சேமிப்பு முறைதான்.

போன வாரம் வழக்கமான கடை திறக்கவில்லை. வேறு கடையில் இரண்டு கட்டு வாங்கி, ஒன்றை எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "தம்பி, இது லீக்ஸ் இல்லையே" என்றார். இலை ஒன்றைக் கிள்ளி, வாயில் வைத்து ஊதினேன். காற்று தாராளமாகப் போனது.